கேட்டெழுத்தும் கண்டெழுத்தும்: லாம்டனை அளந்த வரலாறு

ஆண்டுதோறும் ஏப்ரல் 10-ஆம் தேதி, தேசிய நில அளவை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1802-ஆம் ஆண்டில் அந்த நாளில்தான், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவர் நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை நீட்டி, இந்தியத் துணைக்கண்டத்தையே அளந்து முடித்த ஒரு நெடும்பணியைத் தொடங்கி வைத்தார். அவர் பெயர் வில்லியம் லாம்டன். அவருக்குப் பின் அப்பணியை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை உலகின் மிக உயர்ந்த சிகரம் தாங்கி நிற்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். லாம்டனின் பெயரோ, தமிழ் மண்ணில் தொடங்கிய பணியின் தலைவராக இருந்தும், நில அளவைத் துறையினருக்கும் வரலாற்று ஆர்வலர்களுக்கும் வெளியே பெரிதாகப் பரவவில்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அவரவர் ஆற்றிய பணியின் அளவில் இல்லை. அப்பணியின் வரலாறு எப்படி எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. நிலத்தை அளந்தவர்களின் கதையை யார் எழுதினார்கள், எந்த ஆவணங்களைக் கொண்டு எழுதினார்கள், யாருடைய பெயர்களை விட்டுவிட்டார்கள் என்று கேட்பதற்கு லாம்டனின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

தென்காசிச் சீமையில் இந்தக் கேள்வியை எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. பண்பொழி அடங்கிய செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்துடன் இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூரின் பகுதி. திருவிதாங்கூரின் பழைய நிலவரி ஆவணங்களில் இரு சொற்கள் உண்டு. நிலம் வைத்திருப்பவர் வாயால் சொல்லக் கேட்டுப் பதிந்தது கேட்டெழுத்து. அதிகாரிகள் நேரில் சென்று நிலத்தைக் கண்டு பதிந்தது கண்டெழுத்து. ஒருவர் சொல்லக் கேட்டு எழுதுவதற்கும், போய்ப் பார்த்து எழுதுவதற்கும் உள்ள தொலைவை அந்த நிர்வாகம் சொல்லிலேயே குறித்து வைத்திருந்தது. வரலாற்றை எழுதுவோருக்கும் இந்த வேறுபாடு பொருந்தும்.

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், நார்த்தலர்ட்டன் என்ற ஊருக்கு அருகே எளிய குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1753 என்று சில நூல்கள் கூறும். 1756 என்று வேறு சில கூறும். பூமியின் நீள அகலத்தை அங்குல சுத்தமாக அளக்க முயன்றவரின் வயதையே வரலாறு சரியாக அளக்கவில்லை. 1780-களின் தொடக்கத்தில் படையில் சேர்ந்து அமெரிக்கா சென்றார். அங்கு அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின், இன்றைய கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் படைக் குடியிருப்புகளின் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் கழித்தார். எல்லை அளவைப் பணியிலும் ஈடுபட்டார். சூரிய கிரகணம் ஒன்றைப் போதிய பாதுகாப்பின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை பழுதுபட்டது. தனிமை நிறைந்த அந்த ஆண்டுகளில் கணிதத்தையும் வானியலையும் தாமே கற்றுத் தேர்ந்தார்.

பின்னர் அவருடைய 33-ஆம் படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. அதன் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனாகி நெப்போலியனை வென்றவர். 1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் லாம்டன் கலந்துகொண்டார். ஓர் இரவில் ஆங்கிலேயப் படைப்பிரிவு வடக்கே செல்வதாக எண்ணித் தெற்கே எதிரியின் முகாமை நோக்கி நடந்தது என்றும், விண்மீன்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்து எச்சரித்தவர் லாம்டன் என்றும் ஒரு செய்தி அவருடைய வரலாற்றில் தவறாமல் இடம்பெறும்.

போர் முடிந்ததும் கம்பெனியின் கைக்கு மைசூர்ப் பகுதிகள் வந்தன. அவற்றை அளக்க இருவகைப் பணிகள் வகுக்கப்பட்டன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த காலின் மெக்கன்சி, ஊர்களையும் ஆறுகளையும் சாலைகளையும் வரைபடமாக்கும் பொறுப்பை ஏற்றார். அவர் திரட்டிய சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் கைபீதுகளும் இன்றும் தமிழக வரலாற்றாய்வின் பெருஞ்செல்வமாக விளங்குகின்றன. லாம்டன் முன்வைத்தது வேறொரு திட்டம். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரையிலும், பின்னர் தெற்கு வடக்காகவும் முக்கோணங்களின் வலையை விரிப்பது. அதன்மூலம் தீபகற்பத்தின் சரியான இடநிலைகளைக் கண்டறிவதோடு, பூமியின் வடிவத்தையும் கணிப்பது. சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் அதற்கு ஒப்புதல் அளித்தார். வங்காளத்தை அளந்து புகழ்பெற்ற ஜேம்ஸ் ரென்னல் போன்றவர்கள், இத்தனை செலவில் இத்தகைய நுட்பம் தேவையா என்று ஐயப்பட்டனர்.

முறை எளியது, அதைச் செய்து முடிப்பதுதான் கடினம். சமதளத்தில் ஒரு நேர்கோட்டை மட்டும் சங்கிலியால் மிக நுட்பமாக அளக்க வேண்டும். அது அடிக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே பெறலாம். அந்தப் பக்கங்களை அடிக்கோடாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது எனக் கால் படாத காடுகளையும் பள்ளத்தாக்குகளையும் தாண்டிச் செல்லலாம். முதல் கோட்டில் சிறு பிழை நேர்ந்தாலும் அது முக்கோணத்துக்கு முக்கோணம் தொடர்ந்து வரும். ஆகவேதான் இடையிடையே புதிய அடிக்கோடுகளை அளந்து சரிபார்க்க வேண்டியிருந்தது.

லாம்டனின் கருவிகளுக்கே தனி வரலாறு உண்டு. அவருடைய சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக ஆங்கிலேயத் தூதுக்குழு கொண்டுசென்று, அங்கு ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்று. கோணங்களை அளக்கும் பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. லண்டனில் வில்லியம் கேரி செய்தது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுசென்றனர். அறிவியல் கருவி என்று அறிந்ததும் அதைச் சென்னைக்கே அனுப்பி வைத்தனர்.

பரங்கிமலைக்கு அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள முதல் அடிக்கோடு கோடை வெயிலில் அளக்கப்பட்டது. வெப்பத்தில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடாரத்தால் நிழல் அமைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்தார்கள். நூறு அடிச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை நகர்த்தினால்தான் அந்தத் தொலைவு முடியும். இன்று அந்தக் கோட்டின்மேல் சென்னையின் தென்புற நகர்கள் எழுந்து நிற்கின்றன.

அங்கிருந்து மேற்கே சென்ற முக்கோணங்கள் மங்களூர்க் கடற்கரையைத் தொட்டபோது, தீபகற்பத்தின் அகலம் அதுவரை கருதப்பட்ட 400 மைல் இல்லை, ஏறத்தாழ 360 மைல்தான் என்பது தெரியவந்தது. பழைய வரைபடங்களில் இருந்த 40 மைல் நிலம் ஒரு கணக்கில் மறைந்தது. திட்டத்தின் பயனை ஐயுற்றவர்களுக்கு இதைவிட வலுவான விடை தேவைப்படவில்லை.

1806-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஓர் அடிக்கோடு. 1809-இல் திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டைக்கு அருகே இன்னொன்று. கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள புன்னை என்ற இடம், பின்னாளில் இமயம் வரை நீண்ட பெரிய வில்லின் தென்முனையாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழ்வோருக்கு இந்த வேலையின் தன்மையை விளக்க வேண்டியதில்லை. பண்பொழித் திருமலைக் குமாரசுவாமி கோயிலின் படிகளேறி நின்றால், கிழக்கே வயல்களும் குளங்களும் தொலைவிலுள்ள குன்றுகளும் ஒரே பார்வைக்குள் வரும். மேற்கே மலைத்தொடர் சுவராக எழும். ஓர் உயரத்திலிருந்து இன்னோர் உயரம் தெரிய வேண்டும் என்பதே முக்கோண அளவையின் முதல் விதி.

காவிரிப் படுகையில் அந்த விதி சோதனைக்குள்ளாயிற்று. அங்கே குன்றுகள் இல்லை. ஆனால் கோபுரங்கள் இருந்தன. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த அரை டன் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி கோபுரத்தில் மோதி, அதன் வட்டத் தகடு வளைந்து போயிற்று. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரங்கள் உழைத்து, ஆப்புகளையும் திருகுகளையும் கொண்டு சிறிது சிறிதாகத் தகட்டை இழுத்து அதன் வடிவத்தை மீட்டார் என்பது நில அளவை வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற நிகழ்ச்சி. அக்கருவி அதன்பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது.

இந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலான நூல்கள் லாம்டனின் விடாமுயற்சிக்குச் சான்றாகச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. தமிழ் வாசகருக்கு அதில் இன்னொரு பொருளும் தென்பட வேண்டும். அந்தக் கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜனின் ஆட்சியில் சோழ நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டது. 1086-இல் முதலாம் குலோத்துங்கன் காலத்தில் மீண்டும் அளந்தார்கள். வேலி, மா, காணி, முந்திரி என இறங்கிச் செல்லும் பின்னங்களில் அந்த அளவுகள் கல்வெட்டுகளில் பதிந்துள்ளன. தியோடலைட் ஊசலாடிய சுவருக்கும் நில அளவைக்கும் 800 ஆண்டு உறவு இருந்தது. சோழர் கால நில அளவுகளை எ.சுப்பராயலு போன்ற அறிஞர்கள் கல்வெட்டுகளைக் கொண்டு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆயினும் கல்வெட்டு ஆய்வு ஓர் அறையிலும், ஆங்கிலேயர் அளவையின் வரலாறு வேறோர் அறையிலுமாக இன்னும் பிரிந்தே கிடக்கின்றன.

1817-இல் லாம்டன் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பிரெஞ்சு அறிவியல் கழகமும் அவரைச் சிறப்பித்தது. 1818-இல் அவருடைய பணி சென்னை அரசிடமிருந்து கல்கத்தாவிலிருந்த தலைமை அரசுக்கு மாற்றப்பட்டு, இந்தியப் பெரும் முக்கோண அளவை என்ற பெயரைப் பெற்றது. எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக நியமிக்கப்பட்டார். 1,65,000 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பை முக்கோண வலைக்குள் கொண்டுவந்த லாம்டன், 1823 ஜனவரி 20 அன்று, நாகபுரியை நோக்கிய பயணத்தில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட் என்ற ஊரில் கூடாரத்தில் இறந்தார். இந்தியாவிலேயே குடும்பம் அமைத்து, பிள்ளைகளைப் பெற்று, இந்த மண்ணிலேயே அடங்கியவர் அவர்.

அவர் இறந்தபின் தொடங்கியது இன்னொரு கதை. லாம்டனின் அறிக்கைகள், ஆசிய ஆராய்ச்சிகளை வெளியிட்ட கல்கத்தா இதழிலும் ராயல் சொசைட்டியின் வெளியீட்டிலும் வந்திருந்தன. அவை கோணங்களும் கணக்குகளும் நிறைந்தவை. அவற்றில் மனிதர் தென்படுவது அரிது. லாம்டன் எப்படிப்பட்டவர் என்று இன்று நாம் அறிந்திருக்கும் சித்திரத்தின் பெரும்பகுதி எவரெஸ்ட் எழுதியதிலிருந்து வருகிறது. எவரெஸ்ட் அவரைச் சந்தித்தபோது லாம்டன் முதுமையை நெருங்கிவிட்டார். இளமையின் உழைப்பையோ, தமிழ்நாட்டுக் குன்றுகளில் கழித்த ஆண்டுகளையோ எவரெஸ்ட் நேரில் கண்டதில்லை. மேலும், தம் முன்னோரின் அளவைகளில் குறை கண்டு, சிலவற்றை மீண்டும் அளந்தவர் அவர். ஆக, நம் கைக்கு வந்திருக்கும் லாம்டன் பெரிதும் ஒரு கேட்டெழுத்து.

எவரெஸ்ட் 1841-இல் பெரிய வில்லை இமயத்தின் அடிவாரம் வரை அளந்து முடித்தார். அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ வா 1856-இல் மிக உயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயரை முன்மொழிந்தார். பெயர் நிலைத்ததும் வரலாறு அதைச் சுற்றியே எழுதப்பட்டது. தெற்கின் வெயிலில் தொடங்கிய ஒரு பணி, வடக்கின் பனிமலைக்கு முன்னுரையாகச் சுருங்கிற்று.

1871-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் எழுதிய இந்திய அளவைகள் பற்றிய நூல், இத்துறை வரலாற்றின் முதல் பெருமுயற்சிகளுள் ஒன்று. அது ஏகாதிபத்திய அரசின் சாதனைப் பட்டியலாகவே அமைந்தது. அதன்பின் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ரெஜினால்டு பிலிமோர், ஆவணக் காப்பகங்களில் கிடந்த கடிதங்களையும் கணக்குகளையும் ஆண்டுக்கணக்கில் படித்து, 1945 முதல் 1958 வரை நான்கு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அளவையாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகள், ஊதியங்கள், நோய்கள், சச்சரவுகள் அனைத்தையும் அவர் பதிந்தார். ஐந்தாம் தொகுதி அச்சான பின்னும், வடக்கு எல்லை பற்றிய செய்திகள் காரணமாகப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. நூறாண்டுக்கு முந்தைய அளவையின் வரலாறுகூட எல்லைப் பூசலின் காலத்தில் இரகசியமாகிவிடும் என்பதற்கு அது சான்று.

1997-இல் மேத்யூ எட்னி எழுதிய நூல் கேள்வியையே மாற்றியது. வரைபடம் நிலத்தின் நேரிய பிம்பம் என்ற நம்பிக்கையை அவர் ஆராய்ந்தார். பேரரசு தன்னைப் பகுத்தறிவின் அரசாகக் காட்டிக்கொள்ள அளவையின் நுட்பம் எப்படிப் பயன்பட்டது என்பதையும், களத்தில் நடந்த சமரசங்கள் அந்த நுட்பத்தை எப்படிக் குலைத்தன என்பதையும் அவர் காட்டினார். 2000-இல் ஜான் கீ, பெரிய வில்லின் கதையைச் சுவையாக எழுதி லாம்டனைப் பொதுவாசகர்களிடம் சேர்த்தார். 2022-இல் வெளிவந்த செந்தில் பாபுவின் ஆய்வு, தமிழ்நாட்டுக் கணக்கர்கள், திண்ணைப் பள்ளிகள், அளக்கும் கைகள் ஆகியவற்றிலிருந்து கணிதத்தின் சமூக வரலாற்றை அணுகியது. அளப்பவரை மட்டுமன்றி அளக்கப்பட்டவரையும், அளவுகோலைப் பிடித்துநின்ற உழைப்பாளியையும் பார்க்கும் பார்வை இப்போதுதான் வளர்ந்து வருகிறது.

அந்தப் பார்வையில் லாம்டனின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தால் அவர் தனி மனிதராகத் தெரியமாட்டார். சென்னையில் 1794-இல் தொடங்கப்பட்ட அளவைப் பள்ளியில், ஆதரவற்ற சிறுவர்களுக்கு அளவைத் தொழில் கற்பிக்கப்பட்டது. அங்கிருந்து வந்த ஜோஷுவா டி பென்னிங், லாம்டனின் கடைசி நாள் வரை வலக்கையாக இருந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவின் கணக்கீட்டு அலுவலகத்தை நடத்தியவரும் அவரே. அவருக்காவது பெயர் கிடைத்தது. அரை டன் கருவியைக் குன்றுகளின்மேல் தூக்கிச் சென்றவர்கள், காடுகளை வெட்டிப் பார்வைக்கு வழி திறந்தவர்கள், தொலைவுக் குன்றுகளில் கொடி பிடித்து நின்றவர்கள், காய்ச்சலில் மாண்டவர்கள் ஆகியோர் ஆவணங்களில் பெரும்பாலும் எண்ணிக்கையாகவும் சம்பளத் தொகையாகவும் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள்.

இது இறந்தவர்களுக்கு மரியாதை செய்வதோடு முடிகிற செய்தி அன்று. லாம்டன் வயல்களை அளக்கவில்லை. அவர் நிலைநிறுத்திய புள்ளிகளைச் சட்டகமாகக் கொண்டே பின்னர் வந்தவர்கள் ஊர்களையும் மாவட்டங்களையும் வரைந்தார்கள். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு படை அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தனர். அந்த விவரக் குறிப்பு பல பத்தாண்டுகள் கழித்தே அச்சேறியது. 1883 முதல் 1911 வரை நடந்த திருவிதாங்கூர் நிலவரித் திட்டம் அங்கிருந்த வயல்களை எண்ணிட்டது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் 1923-ஆம் ஆண்டின் அளவை, எல்லைகள் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பட்டாவும் புலப்படமும் எல்லைக்கல்லும் இந்த நெடிய வரலாற்றின் கடைசிக் கண்ணிகள்.

வரப்பு ஒரு முழம் நகர்ந்ததென்று இரு குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் வழக்காடுவது நம் ஊர்களில் புதிதல்ல. அந்த வழக்கில் சான்றாக வரும் தாள் எந்த அளவையில், எந்த அரசின் கீழ், எந்த முறையில் உருவானது என்று அறிந்தவர் சிலரே. செங்கோட்டை வட்டார நிலங்களின் மூலத்தைத் தேடுபவர் திருவனந்தபுரம் வரை போக நேரலாம். நில அளவையின் வரலாறு அறிஞர்களின் நூலகத்துக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருப்பதால் நேரும் இழப்பு இது. வரலாறு தெரியாதபோது, தாளில் இருப்பதே இயற்கை என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். அதில் நேர்ந்த பிழையைக் கேள்வி கேட்கவும் தயங்குகிறார்கள்.

இதற்குச் செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. குன்றுகளின் உச்சியிலும் கோயில்களிலும் எஞ்சியிருக்கும் பழைய அளவைக் குறிகளை மாவட்டந்தோறும் கணக்கெடுத்துப் பாதுகாக்கலாம். கல் குவாரிகள் குன்றுகளை விழுங்கும் வேகத்தில் அவை அழிவதற்கு நெடுநாள் ஆகாது. வட்டாட்சியர் அலுவலகங்களின் பழம்பதிவேடுகளைப் படிமமாக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடலாம். பிலிமோரின் தொகுதிகளிலுள்ள தமிழ்நாட்டுப் பகுதிகளையாவது தமிழில் கொண்டுவரலாம். நம் பல்கலைக்கழகங்களில் கல்வெட்டியல் படிப்போரும் நில அளவைப் பொறியியல் படிப்போரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, உலகளந்த கோலையும் தியோடலைட்டையும் சேர்த்துப் படிக்க ஒரு பாடத்திட்டம் வகுக்கலாம்.

பரங்கிமலையில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. ஹிங்கன்காட்டில் கல்லறை இருக்கிறது. டேராடூனில் அவருடைய தியோடலைட் பாதுகாக்கப்படுகிறது. சிலையும் கல்லறையும் கருவியும் அவரை நினைவூட்டும். அவரோடு நடந்தவர்களை நினைவூட்ட மாட்டா. அதற்கு ஆவணங்களையும் குன்றுகளையும் தேடிச் சென்று பார்த்து எழுதுபவர்கள் வேண்டும். லாம்டனின் கதையைக் கேட்டெழுதியது போதும். அவர் கருவி நின்ற ஒவ்வோர் ஊரிலும் அதைக் கண்டெழுதத் தொடங்குவதே, நிலத்தை அளந்த அத்தனை பேருக்கும் நாம் செலுத்தும் நன்றிக்கடன்.